திருகில் ஒரு கோடு

பிப்ரவரி 4
வாத்தியக் குழு ஒத்திகை. டீ இடைவேளை முடிந்து வந்து வயலினை எடுத்தால் மெல்லிய தந்தி இறங்கியிருக்கிறது. தந்தி தானாகவும் இறங்கும், தெரியும். ஆனால் ஏன் எப்போதும் இடைவேளைக்குப் பிறகு மட்டும்?

பிப்ரவரி 6
மறுபடியும். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர்தான். டீ குடிக்க வர மாட்டார். கேட்டால் "வயித்துக்கு ஒத்துக்கலை மேடம்" என்பார். சாந்தசொரூபி என்று பெயர் வைத்திருக்கிறேன். வயலின் வரிசையில் முதல் நாற்காலி என்னுடையது, அடுத்தது அவருடையது. அடுத்த மாதக் கச்சேரியில் தனி வாசிப்பும் என்னுடையது. நான் சறுக்கினால் இரண்டும் யாருக்குப் போகும்? பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

பிப்ரவரி 7
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போன மாசம் பால்காரர், இந்த மாசம் இவரா?" என்றார். பால்காரர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. வசதியாக மறந்துவிட்டார்.

பிப்ரவரி 11
இடைவேளைக்கு முன் சுருதி சேர்த்து, அந்தத் தந்தியின் சுருதியை மாற்றும் சின்னத் திருகிலிருந்து அது பொருந்தியிருக்கும் அடிக்கட்டை வரை பென்சிலால் ஒரு கோடு போட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கோடு ஒன்றோடொன்று சேரவில்லை. யாரோ திருகியிருக்கிறார்கள். யாரோ என்ன, அவர்தான். அவரோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். என்ன நெஞ்சழுத்தம்!

மறுபடி ஏற்றிக்கொண்டு வாசித்தேன். குழுவை நடத்தும் கண்டக்டர் குச்சியை நிறுத்தி எங்கள் பக்கமே பார்த்தார். இந்தச் சாந்தசொரூபிதான் ஏதோ போட்டுக்கொடுத்திருக்கான். இருக்கட்டும், பாத்துக்கறேன்.

பிப்ரவரி 12
பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்று. சாவி என் கைப்பையில்.

பிப்ரவரி 15
மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளுக்கு வாசிப்போம், நானும் என்னிடம் படிக்கும் தபால் ஆபீஸ் பெண்ணும். சாந்தசொரூபி வருவதில்லை, நிம்மதி. பூட்டைத் திறந்து சுருதி சேர்த்து ஆரம்பித்தோம். ஒரு பாட்டு முடிந்ததும் அவள் குனிந்து, "மிஸ், உங்க மெல்லிய தந்தி ஏறியிருக்கு" என்றாள்.

"உன்னுதுதான் இறங்கியிருக்கு" என்றேன்.

ஃபோனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்து நீட்டினாள். அவள் தந்திக்கு முள் நடுவில் நின்றது. என் தந்திக்கு ஏற்றத்தின் பக்கம் விலகிப் போனது.

பெட்டி பூட்டியிருந்தது. என்னைத் தவிர யாரும் தொடவில்லை.

அப்படியென்றால் அந்த மனுஷன் தினமும் இறக்கி வைத்தது — ஐயோ.

பிப்ரவரி 18
காது டாக்டர். மேல் சுரங்கள் எனக்குத் தாழ்ந்து கேட்கின்றனவாம். கேட்கும் திறன் இனி ஏறாது, மேலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கண்டக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். தனி வாசிப்பைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கே கொடுங்கள் என்றும் சொன்னேன். அங்கே நன்றாகத்தான் பேசினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

பிப்ரவரி 20
"எத்தனை நாளா இது?" என்றேன் சாந்தசொரூபியிடம்.

"எது மேடம்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 8
கச்சேரி. நாற்காலி மாற்றி உட்காரப் போகிறோம். மேடைக்குப் போகும் முன் பூட்டைத் திறந்து, பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினேன். திருகில் கை வைத்தபடியே கூப்பிட்டார்.

"மேடம், எனக்கும் ஒரு டீ சொல்லிடுங்க."