திரும்பச் சொல்லும் பொத்தான்

ஸ்டின்னெட் பள்ளத்தாக்கு, கென்டக்கி
பிப்ரவரி, பனி இன்னும் உருகவில்லை

அன்புள்ள மருமகள் க்ளென்னாவுக்கு,

மாமன் வர்ஜில் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். வலது கையைப் பைபிளின் மேலும் இடது கையை உன் அத்தை சுட்ட சோளரொட்டியின் மேலும் வைத்து உறுதி சொல்கிறேன்: நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். பேனாவை எந்தக் கையில் பிடித்தேன் என்று கேட்காதே.

வருங்கால ரேடியோ ஸ்கேனரில் என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ வடிவமைத்து அனுப்பிய மாதிரிப் பெட்டி குளிர்பெட்டியின் தலையில் வீற்றிருந்து, ஷெரீப்பின் பேச்சையும் தீயணைப்பு வண்டியின் பேச்சையும் ஒட்டுக்கேட்டுச் சொல்கிறது. கடைசியாகக் கேட்டதைத் திரும்பச் சொல்லும் பொத்தான் மட்டும் வீண் செலவு என்று உன் மேலதிகாரிகள் திங்கட்கிழமை எடுத்துவிடப் போகிறார்களாமே. அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் பெட்டி தானே அலைவரிசைகளைப் பிடிக்க வேண்டும். பழைய பெட்டியில் அவற்றை ஏற்றி முடிப்பதற்குள் என் தாடி இரண்டு முறை நரைத்தது. மலைக்குள் உடையும் குரலை ஒட்டித் தர வேண்டும். தீப்பிடித்த இடத்துக்கு யார் என்ன பலகாரம் கொண்டுபோகிறார்கள் என்பதையும் அறிவிக்க வேண்டும்.

போன வியாழன் மதியம், எங்கள் கூரைமேல் மான்கள் நடந்துபோகும் அளவுக்குப் பனி. தீயணைப்புத் தொண்டன் ஆர்வில் தன் வண்டியோடு ஓடையில் சரிந்துவிட்டான். கைரேடியோவில் ஒரே ஒருமுறை கூப்பிட்டான், பானைக்குள் விழுந்த தவளை மாதிரி. அவசர அலுவலகப் பெண் "எங்க இருக்கீங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. இங்கே ஸ்கேனர் இல்லாத அடுப்படி ஏது? எல்லோரும் எல்லோருக்கும் போன் போட்டு, "ஏதாவது புரிஞ்சுதா?" என்றார்கள்.

நான் பொத்தானை அழுத்தினேன். "இடி விழுந்தாலே யாரு கதவைத் தட்டுறான்னு கேக்குற ஆளு, உங்களுக்கா புரியப்போகுது?" என்றாள் உன் அத்தை ஓப்பல். பெருவிரல் தேய அழுத்தினேன். சொல் எதுவும் விளங்கவில்லை. ஆனால் சொல்லுக்குப் பின்னால் ஒரு கழுதை கத்தியது. துருப்பிடித்த கதவுபோல நீள இழுத்து, கடைசியில் ஒரு விக்கல். இந்த மாவட்டத்தில் விக்கும் கழுதை, ஓடைக்கரையில் குடியிருக்கும் லெட்ஃபோர்ட் அம்மாளுடையது ஒன்றுதான்.

அவசர எண்ணுக்குப் போன் செய்து, கழுதை நிற்கும் ஓடைக்கரைக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். "ஐயா, இதுல விளையாடாதீங்க" என்றாள் அந்தப் பெண். உன் அத்தை போனைப் பிடுங்கி, "அம்மா, இந்த மனுஷன் பொய்யர்தான். கழுதை பொய் சொல்லாதுல்ல" என்றாள்.

தீயணைப்பு வண்டி இரண்டு மலைகளைத் தாண்டிப் பறந்தது. சைரன் சத்தத்திலேயே பனி உருகியது. கழுதைக்குத் துணை ஷெரீப் பதவி கிடைத்தது. ஆளுநரே வந்து உன் பொத்தானுக்கு முத்தம் கொடுத்தார். ரேடியோவையே என் மருமகள்தான் கண்டுபிடித்தாள் என்று தேவாலயத்தில் அறிவித்திருக்கிறேன். மறுத்துப் பேசி என் மானத்தை வாங்காதே.

அந்தப் பொத்தானை எடுக்க விடாதே, கண்ணு. முடிந்தால் சோளரொட்டித் துண்டு அளவுக்குப் பெரிதாக்கு. இப்போதெல்லாம் ஒரு தடவை சொன்னது என் காதில் நிற்பதில்லை. திங்கட்கிழமை கடவுள் உனக்கு முன்பாக உன் மேலதிகாரிகளின் அறைக்குள் நுழையட்டும்.

இப்படிக்கு,
உன்னால் பெருமையில் நெஞ்சு வீங்கிச் சட்டைப் பொத்தான்களை இழந்த
மாமன் வர்ஜில்

பின்குறிப்பு: மான், பதவி, ஆளுநர் எல்லாம் என் கைச்சரக்கு. கழுதை கத்தியது மட்டும் நிஜம். ஆர்வில் இதோ என் எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பீன்ஸ் கேட்கிறான்.