திருப்பம்தோறும் நின்றவர்கள்

திருவண்ணாமலை
14 ஏப்ரல் 2025
சித்திரை முதல் நாள்

சௌபாக்கியவதி ஜோதிக்கு,

அண்ணாமலையார் அருளால் உனக்கும் மதிவதனிக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் இப்புத்தாண்டில் எல்லா நலமும் பெருகட்டும். தொலைபேசியில் நீ பேசுவது என் செவிக்கு வெறும் இரைச்சலாகவே வந்து சேர்கிறது. ஆகவே மீண்டும் தாளும் மையுமே துணை.

மகளின் பிரசவத்துக்கென்று ஐப்பசியில் போலந்து சென்ற நீ இன்னும் திரும்பவில்லை. பேரன் தவழத் தொடங்கிவிட்டான் என்கிறாய். தவழும் பிள்ளைக்குத் தாய் போதும். ஆவணியில் எனக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்திக்கு நாள் குறித்தாயிற்று. கலச நீர் நம் இருவர் தலையிலும் விழ வேண்டும். உன் கழுத்தில் நான் மறுபடியும் திருமாங்கல்யம் பூட்ட வேண்டும். இல்லாள் இன்றி அச்சடங்கு இல்லை என்பதை நீ அறிவாய். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர்.

செங்கம் சாலை மண்டபத்தில் வெள்ளிதோறும் என் சொற்பொழிவு தொடர்ந்து நடைபெறுகிறது. பெண்கள் வரிசையில் உன் இடம் காலியாகக் கிடப்பது பார்வைக்கு நன்றாயில்லை. விமானச் சீட்டு எடுத்ததும் தெரிவி.

ஆசிகளுடன்,
சோணாசலம்

*

போஸ்னான்
18 மே 2025

மதியின் அப்பாவுக்கு, ஜோதியம்மாள் வணங்கி எழுதுவது.

இங்கு யாவரும் நலம். பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையை மறவாமல் உட்கொள்கிறீர்களா? வெந்நீர்ப் பானையை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

நேற்று ஒரு பயணம் போய் வந்தேன். உங்களுக்குச் சினம் வரலாம். இருந்தாலும் மறைக்க மனமில்லை. இங்குள்ள நூலகத்தைச் சேர்ந்த சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை தத்தம் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு நாட்டுப்புறம் சென்று, மாலையில் திரும்புகிறார்கள். மதி என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். மணமாவதற்கு முன் என் அப்பாவின் சைக்கிளை ஓட்டிப் பள்ளிக்குப் போனவள் நான். பிறகு நீங்கள் வேண்டாம் என்றீர்கள், விட்டுவிட்டேன். பங்குனி முழுவதும் இங்குள்ள பூங்காவில் விழுந்தெழுந்து பழகினேன். புடவை சங்கிலியில் சிக்கும் என்பதால் மதியின் கால்சட்டையை அணிந்துகொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரயில் பெட்டியில் கொக்கிகள் இருக்கின்றன. முன் சக்கரத்தை மாட்டிவிட்டால் சைக்கிள்கள் வௌவால்களைப் போல வரிசையாகத் தொங்குகின்றன. இறங்கிய நிலையத்தில் பணியாள் ஒருவரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கடுகுப் பூப் போன்ற மஞ்சள் வயல். மின்கம்பத்தின் உச்சியில் நாரை கூடு கட்டி, எங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முச்சந்தியில், சிறிய மாடத்தில் அவர்களுடைய மாதாவின் உருவம். அதற்கு வண்ண நாடாக்கள் கட்டி, முதிய பெண்கள் சிலர் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். மொழி விளங்கவில்லை, ஓதலின் இழுப்பு விளங்கியது. நானும் கைகூப்பி நின்று அண்ணாமலையார் பேரில் ஒரு பதிகத்தை வாய்க்குள் சொன்னேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் செல்பவர் யாத்விகா என்னும் அம்மாள், என் வயதுதான். சாலை திரும்பும் இடத்திலெல்லாம் அவர் நின்றுவிடுவார். கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருவரும் நகரமாட்டார்கள். அந்தக் கடைசி ஆள் நாள் முழுவதும் நானே. மணல் பாதையில் சக்கரம் புதைந்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னால் எல்லோருக்கும் தாமதம், நான் நிலையத்திலேயே போய்க் காத்திருக்கிறேன் என்றேன். மதி அதை அவர்கள் மொழியில் சொன்னாள். யாத்விகா ஏதோ பதில் சொன்னார்.

“நீ மெதுவா வர்றதாலதான் அவங்களுக்கு மூச்சு வாங்க ஒரு சாக்கு கிடைக்குதாம், அம்மா. சீக்கிரம் வந்து கெடுத்துடாதேன்றாங்க” என்றாள் மதி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றில் தூசி என்று சொல்லிவைத்தேன்.

மணமான நாள்முதல் பௌர்ணமிதோறும் நாம் மலையை வலம் வந்திருக்கிறோம். உங்கள் முதுகைப் பார்த்தே நான் நடந்திருக்கிறேன். கூட்டத்தில் அது மறைந்துவிட்டால், முடிவில் கோபுர வாசலில்தான் உங்களைக் காண்பேன். இப்போது ஒன்று கேட்கிறேன். சடங்குக்கு முன் ஒரு நாள், பௌர்ணமியாக இல்லாவிட்டாலும் போகட்டும், என் நடைக்கு நடந்து, என் பக்கத்தில் நீங்கள் மலையைச் சுற்றி வருவீர்களா? வருவேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றே சீட்டு எடுக்கச் சொல்கிறேன்.

வணக்கத்துடன்,
ஜோதி

*

திருவண்ணாமலை
8 ஜூன் 2025

சௌபாக்கியவதி ஜோதிக்கு,

உன் மடல் வந்தது. முதலில் படித்தபோது சினந்தேன். ஊன்றிப் படித்தபோது மகிழ்ந்தேன். வெள்ளியன்று மண்டபத்தில் அதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். இரு சக்கரங்களும் இருவினை, மிதித்துச் செல்வது உயிர், முன்னே செல்பவர் குரு என்று விரித்தேன். பின்தங்கிய உயிருக்காகத் திருப்பம்தோறும் இறைவன் நின்று காத்திருக்கிறான் என்று முடித்தபோது சபை உருகிவிட்டது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டராமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நீ கால்சட்டை அணிந்ததை மட்டும் சொல்லாமல் விட்டு உன் மதிப்பைக் காத்தேன்.

தொடர்ந்து, வழக்கம்போல், மலை வலத்தில் அடி அண்ணாமலை அருகே நடந்த நிகழ்ச்சியையும் சொன்னேன். நீ பாதி வழியில் வலியால் விழுந்ததும், தொடங்கிய வலத்தை நடுவில் முறிக்கலாகாது என்று நான் திரும்பாமல் நடந்து முடித்ததும், அந்த உறுதிக்கு இரங்கி அண்ணாமலையார் உன்னைப் பிழைக்க வைத்ததும் எத்தனை முறை சொன்னாலும் புதிதாகவே இருக்கின்றன. கேட்பவர்கள் மெய்சிலிர்க்கிறார்கள். நீ அங்கே அமர்ந்திருந்தால் உன் பக்கம் கை காட்டியிருப்பேன்.

பக்கத்தில் நடப்பது பற்றிக் கேட்டிருந்தாய். வலம் வருகையில் ஒவ்வோர் உயிரும் தனித்தே நடக்கிறது. நடையைக் குறைத்தால் ஓதலின் கதி கெடும். இத்தனை காலம் என்னோடு இருந்தும் இது உனக்கு விளங்கவில்லையே என்பதுதான் வருத்தம். அழைப்பிதழ் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தாள் நல்ல தாள்.

ஆசிகளுடன்,
சோணாசலம்

*

போஸ்னான்
29 ஜூன் 2025

சோணாசலம் அவர்களுக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. மடலும் கிடைத்தது. நான் கேட்டது ஒரு வரி, வந்தது விளக்கவுரை. நான் எழுதியது உங்களுக்கு, சபைக்கு அன்று.

அடி அண்ணாமலைக் கதையை உங்கள் சபையில் அமர்ந்து எத்தனையோ வெள்ளிகள் கேட்டிருக்கிறேன். முடிந்ததும் பெண்கள் என் கையைப் பற்றிக்கொண்டு, கொடுத்துவைத்தவள் என்பார்கள். நான் சிரிப்பேன். நீங்கள் சொல்லாததை இன்று நான் சொல்கிறேன். பூக்கடைக் காசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தாள்.

“சாமி, உங்க வூட்டம்மா ரத்தத்துல கெடக்கறாங்க. வாங்க.”

நீங்கள் கையசைத்துவிட்டு நடந்தீர்கள். அவள்தான் வண்டி பிடித்து என்னை மருத்துவமனையில் சேர்த்தாள். ஐந்தாம் மாதம். ஆண் என்று செவிலி சொன்னார். அந்தக் கதையில் ஒரு பிள்ளை இருந்தான். ஒரு மேடையிலும் நீங்கள் அவனைச் சொன்னதில்லை.

நீங்கள் திரும்பி வந்திருந்தாலும் அவன் தங்கியிருக்கமாட்டான் என்று மருத்துவர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். அவனுக்காக உங்களிடம் வழக்கில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம். வலம் முடித்து நீங்கள் கொண்டுவந்த திருநீற்றை நெற்றியில் வாங்கிக்கொண்டேன். எனக்கும் அண்ணாமலையாருக்கும் பகையில்லை. அவரை இங்கிருந்தே கும்பிடுகிறேன்.

ஆவணிக்கு நான் வரவில்லை. அதற்குப் பின்னும் வருவதாக இல்லை. மதியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பேரனைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனாள். இங்கே தங்குவதற்கான அனுமதிக்கு மாப்பிள்ளை முயன்றுவருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோதியம்மாள்

*

திருவண்ணாமலை
5 செப்டம்பர் 2025

ஜோதியம்மாளுக்கு,

உன் மடலுக்கு உடனே பதில் எழுதவில்லை. என் பெயரை எழுதியிருந்தாய். அதைத் தாண்டிப் படிக்கவே நாளாயிற்று.

சடங்கு நேற்று நடந்தது. உனக்கு விமானப் பயணம் ஆகாதென்று மருத்துவர் தடுத்துவிட்டதாக வந்தவர்களிடம் சொன்னேன். நிறுத்திவிடலாமே என்றான் கோதண்டராமன். ஊரை அழைத்துவிட்டு நிறுத்துவது முறையன்று. குருக்கள் நெடுநேரம் யோசித்து, உன் பலகையின்மேல் தருப்பைப் புல்லை முடிச்சிட்டு உனக்குப் பதிலாக வைத்தார். நீ உடுத்த வேண்டிய கூறைப் புடவையை மடித்து அதன்மேல் சாத்தினார்கள். மாலையும் போட்டார்கள். கலச நீர் என் தலையிலும் அதன்மேலும் விழுந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

பிறகு மாங்கல்யத் தட்டை எல்லோரும் தொட்டுக் கொடுத்தார்கள். அது என் கைக்கு வந்தது. எழுந்து நின்றேன். புல்லுக்குக் கழுத்து இல்லை. குருக்கள் என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. என்ன என்றேன். மறுபடி சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் முறை உரக்கவே கேட்டார்.

“தாலிய என்ன பண்றது சாமி?”

மண்டபத்தில் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். கோதண்டராமன் பதறிப்போய் மேளக்காரரை நோக்கி விரலை அசைத்துவிட்டான். கெட்டிமேளம் முழங்கியது. பின்வரிசைக்காரர்கள் எல்லாம் முடிந்ததென்று எண்ணி அட்சதை தூவினார்கள். அது என்மேலும் புடவைமேலும் விழுந்தது. நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

தாலி தட்டிலேயே இருக்கிறது. தட்டு பூசை அறையில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று எழுது.

சோணாசலம்