வெள்ளை போட்டும் நீல போட்டும்

கிளென் ஈடன், ஒக்லாந்து
09.11.2025, ஞாயிறு

அன்புள்ள யேசுராசா அத்தானுக்கு,

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நாங்கள் சுகமாக இருக்கிறோமா இல்லையா என்பதை முழுவதும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கோ. என் நம்பரைக் கண்டாலே போனைக் கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால் தாளில் எழுதி, படம் எடுத்து, அன்னபாக்கியம் அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். அக்கா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கோ. அவர் எழும்பிப் போனால் பின்னாலேயே போய் வாசியுங்கோ.

விசயம் இதுதான். உங்கள் தம்பி, என் மனுசன் கிளைவ், போட் வாங்கப் போகிறார்.

உங்கள் இளைய தம்பி சீலன் கடலோடு போன நாளிலிருந்து பதினேழு வருசம் தண்ணீரில் கால் நனைக்காத மனுசன். கடற்கரைக்குக் கூட்டிப் போனாலும் காருக்குள் இருந்துகொண்டு பேப்பர் பார்ப்பார். போன குளிருக்குள் பிரியந்தி ஒரு தூண்டிலை வாங்கி வந்து, அப்பாவை இழுத்துக்கொண்டு கோர்ன்வாலிஸ் ஜெட்டிக்குப் போனாள். உங்கள் பெறாமகள் இப்போது யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். அன்றைக்குப் பார்த்து ஒரு நல்ல மீன் பட்டுவிட்டது. அதோடு பிடித்தது பைத்தியம். குசினிக்குள் வந்து மீன் வெட்டித் தருகிறார். பாட்டு முணுமுணுக்கிறார். சிரிக்கிறார், அத்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வேண்டாம் என்று நேரே சொல்லாமல் பொய் சொல்லத் தொடங்கினேன்.

வீட்டுக்காரன் வளவுக்குள் ட்ரெயிலர் நிறுத்த விடமாட்டான் என்றேன். இவர் அவனிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கவுன்சிலில் தனி லைசன்ஸ் எடுக்க வேண்டுமாம் என்றேன். பிரியந்தி போனில் தேடி, அப்படி ஒன்றும் இல்லை என்று காட்டினாள். கடைசியில் மடு மாதா கனவில் வந்து தடுத்தா என்றுகூடச் சொன்னேன். அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் இவர் என் சொல்லை நம்புவதை விட்டுவிட்டார்.

இப்போது இரண்டு போட் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டும் பைபர், இரண்டும் பதினைந்தடி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இரண்டிலும் அறுபது குதிரை எஞ்சின். ஒன்று நீலம், ஹென்டர்சனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. வெளிறிப்போய், சீட் கிழிந்து, பார்க்கவே ஒரு பஞ்சப் போட். மற்றது வெள்ளை, தகனினியில் ராகேஷ் என்ற தமிழ்நாட்டுப் பெடியனுடையது. புதுப் பெயின்ட், புது மெத்தை, மீன் காட்டுகிற சின்ன டிவி எல்லாம் உண்டு. இவருக்கு வெள்ளையில்தான் கண். தமிழாள் தமிழாளுக்குப் பழுதான சாமானைத் தலையில கட்டுவானோ என்று கேட்கிறார். கட்டுவான், அத்தான். நல்லாகக் கட்டுவான்.

ராகேஷின் மனைவி சிந்து நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்தான் நர்ஸ். வியாழக்கிழமை என்னை லினன் அறைக்குள் கூப்பிட்டு, அக்கா அந்த போட் மட்டும் வேணாம் என்றாள். போன வருஷம் பின்னாடி விரிசல் விட்டுச்சு, உள்ள இருக்கிற மரமெல்லாம் உளுத்துப்போச்சுன்னு மெக்கானிக் சொன்னாரு, இவரு மேலாக்க பூசி பெயின்ட் அடிச்சுட்டாருக்கா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று அழுதாள்.

நீங்கள் கேட்பீர்கள், பேசாலைக் கடற்கரையில் பிறந்த கிளைவுக்கு போட் பார்க்கத் தெரியாதா என்று. தெரியும். முன்பக்கம் அணியத்திலிருந்து தொடங்கி விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். கீழே படுத்து அடிக்கட்டையை, அந்த ஏராவைத் தடவினார். ஆனால் எஞ்சின் பூட்டுகிற பின்பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். நம் ஊரில் கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். பின்பலகைக்கு இராப் பகலாகப் பாரம் இல்லை. இங்கே நூறு கிலோவுக்கு மேல் எஞ்சின் வருசக்கணக்காக அங்கேயே தொங்குகிறது, றோட்டில் இழுத்துப் போகும்போதும் தொங்குகிறது. போல்ட் ஓட்டையால் தண்ணீர் இறங்கி உள்மரம் ஊறுகிறதாம். இது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

சிந்துவின் பெயரைச் சொல்லாமல், பின்பக்கம் பழுதாம் என்று சொல்லிப் பார்த்தேன். இது ஆர் சொன்னது, மாதாவோ என்று கேட்டார்.

போட்டே வேண்டாம் என்று நின்றவள் நான். இப்போது நீலத்தை வாங்குங்கோ என்று கெஞ்சுகிறேன். நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார். நீலம் என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்சாதி
பேர்ணடெட்


கிளென் ஈடன்
21.11.2025, வெள்ளி காலை

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் கடிதத்துக்கு நீல டிக் இரண்டும் விழுந்து பன்னிரண்டு நாள். அக்கா வாசித்திருக்கிறா. நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். சரி.

வெள்ளையை வாங்கிவிட்டார். வளவுக்குள் நிற்கிறது. நான் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில்தான்.

நான் ஒரு துரோகமும் செய்துவிட்டேன். காசு கொடுக்கப் போகிற அன்று பொறுக்கமாட்டாமல் சிந்துவின் பெயரைச் சொல்லிவிட்டேன். இவர் அந்த இடத்திலேயே ராகேஷுக்குப் போன் அடித்தார். அவன் சிரித்தானாம். அவளுக்கு பாத்டப் தண்ணியே பயம் அங்கிள் என்றானாம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிந்து இந்தத் திங்களிலிருந்து வேலைக்கு வரவில்லை. போனும் ஓஃப். இன்றைக்கு ஷிப்ட் முடிய நேரே தகனினிக்குப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். என்ன முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஃபாதரைக் கூப்பிட்டு போட்டை மந்திரித்தார்கள். பெயரும் எழுதியாயிற்று. மரியசீலன். தமிழில், பெரிய எழுத்தில், பின்பலகையில். அந்தப் பூச்சுக்கு மேலேயே. பிரியந்திக்குத் தமிழ் எழுத்து வராது. அப்பா பென்சிலால் கீறிக் கொடுக்க, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நீலப் பெயின்ட் அடித்தாள். சீலன் தம்பியின் பெயரை இவர் பதினேழு வருசமாக வாய்விட்டுச் சொன்னதில்லை, அத்தான்.

ஞாயிறு இரண்டு பேரும் குடாவுக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார்கள். திங்கள் காலை உடுப்புக் காயப்போடப் போனபோது பார்த்தேன். எஞ்சினுக்கு நேர் கீழே, பெயருக்குக் குறுக்கே, தலைமயிர் அளவில் ஒரு கோடு. நேற்று அது எழுத்துகளைத் தாண்டி விளிம்புக்கு வந்துவிட்டது. படம் இதோடு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கோ. உங்களுக்கு ஒரு பார்வை போதும். இவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். வெயிலுக்குப் பெயின்ட் வெடிச்சிருக்கு என்றார். ஆனால் குனிந்து பார்க்கவில்லை. விரலால் தட்டவுமில்லை. எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற மனுசன்.

பிரியந்தியிடம் அழுதேன். நீங்கள் எப்பவும் இப்படித்தான் அம்மா, அப்பா சந்தோசமா இருக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லையா என்று இங்கிலீசில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். பொய் சொன்னவள் நான்தானே, யாரை நோக?

நாளைக்குப் போகிறார்கள், அவரும் பிள்ளையும். குடாவுக்குள் இல்லை, குடாவின் வாயைத் தாண்டி வெளியே. மனுக்காவ் வாயில் மணல் திட்டு இருக்கிறது. அதில் கடல் உடைகிற நாளில் பெரிய போட்டே திரும்பிவிடும். ஆட்கள் போய் வராத கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பேசாலையானுக்கு மணல் திட்டைக் காட்டுறியோ, மணல் திட்டுக்குள்ளதான் நான் நடக்கப் பழகினனான் என்கிறார். நாளைக்குக் காற்று எழும்பும் என்று ரேடியோவில் சொல்கிறான். மத்தியானத்துக்கு முதல் வந்துவிடுவோம் என்கிறார்.

அன்றைக்கும் இதைத்தானே சொன்னார்? சோழகக் காற்று எழும்புது, போகாதே என்று நீங்கள் கரை வாடியில் நின்று கத்தினீர்கள். சீலனையும் ஏற்றிக்கொண்டு போனார். மிதந்த எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கரைக்கு வந்தார். அதிலிருந்து நீங்கள் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இந்த போட்டில் பிழை என்று ஒத்துக்கொண்டால், அன்றைக்கும் தன்னில்தான் பிழை என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும் என்று இவர் பயப்படுகிறார். எனக்கு அப்படித்தான் விளங்குகிறது. பிழையாகவும் இருக்கலாம். நான் கடலுக்குப் போனவள் இல்லை.

அவரை மன்னியுங்கோ என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில். நான் கேட்பது ஏச்சு. பதினேழு வருசமாக நீங்கள் ஏசாமல் விட்டதைத்தான் இந்த மனுசன் சுமந்துகொண்டு திரிகிறார். போன் எடுத்து, வாயில் வருகிற எல்லாத் தூசணத்தாலும் ஏசுங்கோ. தம்பியைக் கொன்றவனே என்றுகூடச் சொல்லுங்கோ, பரவாயில்லை. அழட்டும். கோபத்தில் போனை உடைக்கட்டும். நாளைக்குக் காலை வளவை விட்டு வெளிக்கிடாமல் இருந்தால் போதும்.

பிரியந்தி உங்களைக் கண்ட ஞாபகம் இல்லாத பிள்ளை. ஆனால் நெற்றியும் பிடிவாதமும் உங்களுடையதுதான். பெரியப்பா என்று அவளுக்கு ஒரு ஆசீர்வாதம் சொல்லுங்கோ, தூரத்திலிருந்தாவது.

இப்படிக்கு,
பேர்ணடெட்

அக்கா, இது உங்களுக்கு. காலை ஐந்தரைக்கு வெளிக்கிடுகிறார்கள். உங்களுக்கு அது இன்று இரவு பத்து மணி. அத்தான் எட்டரைக்கே படுத்துவிடுவார் என்று தெரியும். இன்றைக்குப் படுக்க விடாதீங்கோ.