புகாரின் முதல் கையெழுத்து

எங்கிருந்தாலும் என்னை "டேய் ஏழுமலை" என்று அதட்டக்கூடிய ஒரே மனிதரான அப்பாண்டைராஜ் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இங்கே எனக்கு விருது கொடுக்கப் போகிறார்கள் அண்ணா. வேளாண் விற்பனையில் சிறந்த தொழில் நேர்த்திக்காம். வருகிற வெள்ளிக்கிழமை, வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில். சால்வை, கேடயம், மைக்கில் இரண்டு நிமிஷம் பேச்சு. நீங்கள் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்து இருமியிருப்பீர்கள். எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பாராட்டு வாசகத்தை எழுதி, பிழை இருக்கிறதா பாருங்கள் என்று போனுக்கு அனுப்பியிருந்தார்கள். "விவசாயி கொண்டுவரும் வேர்க்கடலையை மேலாக அள்ளிப் பார்க்காமல், மூட்டை முழுவதையும் கொட்டி, நான்கு கூறாக்கித் தரம் பார்க்கிறார்." பிழை ஒன்றுதான். அது நான் இல்லை, நீங்கள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு விற்பனைக் கூடத்தில் நீங்கள் தரம் பார்க்கிற ஊழியர். மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டுவீர்கள். குவியலை நாலாகப் பிரித்து, எதிரெதிராக இரண்டு கூறைத் தள்ளிவிடுவீர்கள். மீதியைக் கலந்து மறுபடியும் நாலு. இப்படியே இரண்டு கைப்பிடி மிஞ்சும்வரை. அதை உடைத்து, பருப்பைப் பார்த்து, சீட்டு எழுதுவீர்கள். அந்தச் சீட்டை வைத்துத்தான் வியாபாரிகள் நாங்கள் விலை கேட்க வேண்டும்.

"மூட்ட வாயில இருக்கறது மூட்டையோட மூஞ்சிடா. பவுடர் போட்டுனு வந்து நிக்கும். எனக்கு வயித்தப் பாக்கணும்" என்பீர்கள்.

எங்களுக்கோ வயிறு எரியும். கடலை பிடுங்கிய கொல்லையில் விட்டுப்போன காயைப் பொறுக்கி விற்று மேலே வந்தவன் நான். மேலாக அள்ளிப் பார்க்கிற பழைய வழக்கத்தில் என்ன வசதி என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆள் பார்த்து அள்ளலாம். விவரம் தெரியாத விவசாயி என்றால் ஓரத்தில் கையை விட்டு நாலு சூம்பல் காயை எடுத்துக் காட்டி விலையை இறக்கலாம். நான் இறக்கியிருக்கிறேன். நீங்கள் வந்தபிறகு அது முடியவில்லை.

அதனால் மேலிடத்துக்கு ஒரு புகார் போனது. தரம் பார்க்கிறேன் என்ற பெயரில் மூட்டைகளைக் கொட்டி, கூறு போட்டு, வேண்டுமென்றே தாமதம் செய்கிறார், வியாபாரம் கெடுகிறது என்று. ஒன்பது வியாபாரிகள் கையெழுத்துப் போட்டோம்.

கைப்பட எழுதியது நான். முதல் கையெழுத்தும் நான்தான், அண்ணா.

உங்களிடம் சொல்ல வேண்டிய இந்த ஒரு வரியை நீங்கள் இல்லாத காலத்தில் எழுதுகிறேன்.

புகார் போன கையோடு வேறு ஊரில் சரக்கு எடுத்தேன். மேலாக அள்ளிப் பார்த்த சரக்கு. எண்ணெய் ஆலைக்காரர் லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். மானம் போய் உங்களிடமே திரும்பி வந்தேன். உங்கள் சீட்டோடு போன லோடை அதே ஆலையில் பிரித்துக்கூடப் பார்க்காமல் இறக்கினார்கள். உங்கள் நேர்மையைப் பார்த்துத் திருந்தினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். லாபத்தைப் பார்த்துத்தான் உங்களிடம் ஒட்டிக்கொண்டேன். பிறகு எப்போது உங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களுடையது சமண வீடு, இருட்டினபின் யாரும் சாப்பிட மாட்டீர்கள். நான் எப்போது வந்தாலும் அண்ணி, "பொழுது இருக்கும்போதே ரெண்டு வாய் சாப்ட்டுப் போ" என்று தட்டை வைத்துவிடுவார்.

புகார் மட்டும் அதன் பாட்டுக்கு மேசை மேசையாக நகர்ந்தது. ஒரு வருஷம் கழித்து உங்களுக்கு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. அன்றைக்கு நீங்கள் என்னைத்தானே வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள்?

"ஏழுமல, நீ வியாபாரி. என்னால வியாபாரிக்கு என்னா நஷ்டம்னு உனக்குத்தான் தெரியும். இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடு" என்றீர்கள்.

மெமோவோடு புகாரின் நகல் இருந்தது. பெயர்களை மறைத்திருந்தார்கள். நான் எழுதிய புகாருக்கு நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த நாளே போய் வாபஸ் வாங்கியிருக்கலாம். சொன்னால் அந்த வீட்டுக்குள் மறுபடி எப்படி நுழைவது என்று பயந்தேன். நான் எழுதிய பதில் எடுபடவில்லை. விசாரணை முடியாமலே, ஒரு அறுவடைக் காலத்தில், கூடத்துத் தார்ப்பாய் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் போனபிறகு கூடத்தில் பழையபடி மேலாக அள்ள ஆரம்பித்தார்கள். நான் என் குடோனில் உங்கள் மாதிரியே கொட்டிப் பார்த்து வாங்கினேன். அதற்குத்தான் இந்த விருது.

திங்கட்கிழமை விருதுக் குழு அதிகாரியிடம் போனேன். என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள் என்றேன். பாவம், நல்ல மனிதர். பழைய கோப்பைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"அவரு மேல புகார் நிலுவைல இருக்கும்போதே இறந்துட்டாருங்க. விருது எப்படிக் குடுக்கறது?"

"அந்தப் புகாரக் குடுத்ததே நான்தாங்க. வாபஸ் வாங்கிக்கறேன்."

கோப்பைக் கயிறு போட்டுக் கட்டினார். "இறந்தவங்க மேல விசாரணையும் கெடையாது, வாபஸும் கெடையாதுங்க. கோப்ப மூடியாச்சு."

"மூடிட்டா சரியாயிடுச்சுங்களா?"

அவர் கட்டிய கோப்பை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார். எந்தக் கதவைத் தட்டியும் சரக்கு வாங்கிவந்தவன் நான். இதற்கு எந்தக் கதவு அண்ணா?

டீக்கடையில் குமரேசன் பிடித்துக்கொண்டான். புகாரில் இரண்டாவது கையெழுத்து அவனுடையது.

"விருது வாங்கற ஆளுக்கு மூஞ்சி ஏன்யா இப்படித் தொங்குது? சால்வ கலர் புடிக்கலயா?"

மேடையில் உண்மையைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"செத்தவருக்கு இனிமே பதவி உயர்வா வரப்போவுது? எங்களையும் சேத்து இழுத்து வுட்டுடாத. அப்புறம் கூடத்துல உன்கூட ஒருத்தனும் நிக்கமாட்டான்."

"உன் பேரு எதுக்குடா? என் பேரு போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸைத் திருப்பிவிட்டிருந்தார்கள், ஆட்டோவும் இல்லை, நடந்தேன். அண்ணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், அழுவார் என்று நினைத்தேன். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? தெனம் நீ வெல எழுதிக் குடுக்கற சீட்ட பாத்த மனுசன்டா அவரு. பேரத்தான மறச்சிருந்தாங்க? எழுத்த மறைக்கலயே."

அண்ணா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் பதில் எழுத எழுத, நீங்கள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வேற எதுனா சொல்லணுமாடா?" என்றுகூடக் கேட்டீர்கள். பதிலில் சேர்க்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து, "இவ்ளோதான் அண்ணா" என்றேன்.

தெரிந்துதான் கூப்பிட்டீர்களா? என் வாயால் வரட்டும் என்றுதான் காத்திருந்தீர்களா? அதற்கப்புறமும் இரண்டு வருஷம் எப்படி என்னோடு சிரித்துப் பேசினீர்கள்? தெரியாது என்றாவது சொல்லுங்களேன். அதை வைத்துக்கொண்டாவது மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன்.

அண்ணி கடைசியாக ஒன்று சொன்னார். "கேடயத்த வாங்கறயோ வுடறயோ, அது உன் இஷ்டம். எனக்கு அது வேணாம். தாமதம் பண்றவருனு எழுதி வச்சிட்டியே, அத அத்தன பேர் முன்னாடி இல்லன்னு சொல்லு." பிறகு எழுந்து உள்ளே போனார். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. முதல்முறையாக என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

கோப்பில் உங்களுக்கு நான் செய்ததை இனி யாராலும் அழிக்க முடியாது. பதவி உயர்வு வராது. மன்னித்தேன் என்று சொல்ல உங்கள் வாயும் இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது அந்த இரண்டு நிமிஷம்தான்.

சத்தியம் அண்ணா, வெள்ளிக்கிழமை மேடை ஏறுவேன். சால்வைக்குக் குனிய மாட்டேன், கேடயத்துக்குக் கை நீட்ட மாட்டேன். அந்தப் புகாரை முதல் வரியிலிருந்து படிப்பேன். இதில் இருப்பது பொய், எழுதியவன் நான், இந்த வேலைக்குச் சொந்தக்காரர் அப்பாண்டைராஜ் என்று சொல்வேன். குமரேசன் சொன்னது நடந்தால் நடக்கட்டும். பாதியில் மைக்கை அணைத்தால் அணைக்கட்டும். சந்தையில் கத்திப் பிழைத்த தொண்டை இது. கடைசி வரிசைக்குக் கேட்கும்.

அந்த வார்த்தைக்கு அருகதை இல்லாவிட்டாலும், நீங்களே கூப்பிட்டதால்,
உங்கள் தம்பி
ஏழுமலை