நமது நிருபர் எழுதாத புரோகிராம்

கொடைக்கானல்
11.2.1988, வியாழன்

அன்புள்ள ஞானமுத்துவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை லீமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த வெளிநாட்டுப் பனியில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும் என்று அம்மா தினமும் பூசையில் உன் பெயரைச் சொல்கிறாள். மற்றதற்கு முன்னால் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். லீமாவின் கணிதப் போட்டி முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. போட்டியை நடத்தும் மதுரைக் கல்லூரியின் செயலாளர் இம்மாதம் 8-ம் தேதியிட்டு எழுதிய கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. முதல் பகுதியில் அவள் மாவட்டத்தில் இரண்டாவது. இரண்டாம் பகுதியில் அவள் கொடுத்த புரோகிராம் இன்னொரு மாணவன் கொடுத்ததோடு ஒரு வரி மாறாமல் ஒத்திருக்கிறது என்றும், இருவரும் மார்ச் 19 சனிக்கிழமை குழுவின் முன் நேரில் வர வேண்டும் என்றும், தன் சொந்த வேலை என்று காட்ட ஆதாரம் எதுவும் இருந்தால் மார்ச் 15-ம் தேதிக்குள் சேர்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த ஆதாரம் உன்னிடம் இருக்கக்கூடும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ செப்டம்பரில் கொடுத்தனுப்பிய வரைபடக் கால்குலேட்டர் வந்த நாளிலிருந்து லீமாவுக்கு வேறு சோலி இல்லை. போட்டியில் இரண்டு பகுதி. முதலாவது தாளும் பேனாவும் மட்டும். இரண்டாவதுக்குக் கருவி கொண்டுபோகலாம், ஆனால் அதில் போடும் புரோகிராம் மாணவரே எழுதியதாக இருக்க வேண்டும், அதைத் தாளிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைப்பை அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஒரு வளைகோடு படுக்கைக் கோட்டை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. லீமா செய்தது எனக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான்: கருவி முதலில் வளைகோட்டை வரைகிறது, வெட்டும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண் கொடுத்தால் நடுவைப் பார்க்கிறது, எந்தப் பாதியில் வெட்டு இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது, மறுபடி நடுவைப் பார்க்கிறது. காட்டில் காணாமல் போனவரைத் தேட ஊர்க்காரர்கள் நாங்கள் போகிற வழியும் இதுதான், அதனால் எனக்குச் சுலபமாக விளங்கியது. சனிக்கிழமைகளில் சுந்தராம்பாள் டீச்சர் பள்ளியில் இவளுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் பயிற்சி கொடுத்தார். அவர் மதுரைக்காரர். இந்தக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கரும்பலகை முன் நிற்பார்.

நவம்பரில் ஒரு தொல்லை வந்தது. இங்கே மழையும் குளிருமாக இருக்கும்போது அந்தக் கருவியின் திரை மந்தமாகிவிடுகிறது. கோடு முழுதாகத் தெரிவதற்குள் அடுத்த எண் வந்து விழுகிறது, எதையும் படிக்க முடிவதில்லை. லீமா அதற்கு ஒரு வரி சேர்த்தாள். கருவி சும்மா ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் திரை தெளிந்துவிடும், அதற்குப் பிறகுதான் அடுத்த வேலை. டீச்சர் பார்த்துவிட்டு, “மதுரையில வேர்த்து ஊத்தும் புள்ள, அங்க எதுக்கு இது? எடுத்துரு, நேரம் மிச்சமாகும்” என்றாராம். இவள், “இருக்கட்டும் டீச்சர், எனக்கு இது இல்லாமப் பாத்துப் பழக்கமில்ல” என்று சொல்லிவிட்டாள். இந்த நாற்பதை நினைவில் வைத்துக்கொள். நவம்பர் 19 அன்று முழுப் புரோகிராமையும் ஒரு ஏரோகிராமில் எழுதி, இன்னும் சுருக்க முடியுமா என்று கேட்டு உனக்கு அனுப்பினாள். நீ டிசம்பரில் எழுதிய பதில் என் முன் இருக்கிறது. “புரோகிராம் பார்த்தேன், சரியாக இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்தப் புரோகிராம், எத்தனை வரி, எதுவுமில்லை. இதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

டிசம்பர் கடைசி வாரத்தில் உறைபனி. ஏரியோரப் புல்லெல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடந்தது. திரை மேலும் மந்தமானது. அம்மா அதன்மேல் இரக்கப்பட்டு, ரொட்டியை வாட்டுவதுபோல அதைக் கரியடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டாள். கால்மணி நேரத்தில் திரை முழுக்கக் கறுத்துப்போயிற்று. ஆற விட்டிருந்தால் தானே தெளிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாததால், ரேடியோ ரிப்பேர்க்காரர் வேலப்பன் எதற்கும் சொல்வதுபோல, செல்லைக் கழற்றி மாட்டினேன். திரை வந்தது, உள்ளே இருந்த புரோகிராம் எல்லாம் போய்விட்டது. லீமா உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து மறுபடி அழுத்தினாள், ஒரு மணி நேரம் ஆனது. அம்மா அந்தோணியாருக்கு இரண்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள், ஒன்று கருவிக்கு, ஒன்று எனக்கு.

இனி வருவது முழுக்க என் தவறு. இன்னொரு முறை அழிந்தால் கையில் ஒரு நகல் இருக்கட்டும் என்று, அவள் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். முப்பத்தோரு வருடமாகச் செய்தி எழுதுகிற தாளிலேயே, கார்பன் வைத்து மூன்று படி எழுதினேன். தாளின் தலையில் கை தானாக “கொடைக்கானல், டிச. 30” என்று டேட்லைன் போட்டுவிட்டது. அன்று மத்தியானம் மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய செய்திக் கவரில், பெரும்பாறை ஆரஞ்சு விளைச்சல் செய்தியோடு இதில் ஒரு படியும் சேர்ந்து போயிருக்கிறது. ஜனவரி 5 செவ்வாய்க்கிழமை மாணவர் பக்கத்தில் அது அச்சாகி வந்தது. வளைகோட்டின் வெட்டுப்புள்ளி காண எளிய வழி என்று தலைப்பு, கீழே இருபத்திரண்டு வரியும் பிழையில்லாமல், மேலே “நமது நிருபர்” என்று. மறுநாள் மதுரை அலுவலகத்தில் செய்தி டெஸ்க்கில் இருக்கும் தண்டாயுதபாணியைப் போனில் பிடித்துக் கேட்டேன். “ஒங்க கையெழுத்து, ஒங்க டேட்லைன், ஒங்க கவர்ல வந்துச்சு. பக்கத்துல எடம் கெடந்துச்சு, போட்டேன். நல்லாத்தானண்ணே இருக்கு, நீங்க கணக்கெல்லாம் போடுவீங்கன்னே இத்தன நாளு தெரியாமப் போச்சு” என்றான். எழுதியது லீமா என்று சொன்னேன். வேண்டுமானால் பெயரைப் போட்டு ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்றான். சொந்த மகள் பெயரைப் பத்திரிகையில் வரவழைக்க நிருபர் திருத்தம் கேட்பது அழகாக இருக்காது என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வடகவுஞ்சி மண்சரிவுச் செய்தியில் ஒரு வீட்டுக்காரர் பெயரை மாற்றி எழுதியதற்கு நானே கேட்டுத் திருத்தம் போட்டவன். இதற்குக் கேட்கவில்லை.

23-ம் தேதி போட்டி நடந்தது. நன்றாகச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். போன ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் சேனாதிபதி, அவர் மகன் செல்லப்பாண்டி. புரோகிராம் ஒத்துப்போன அந்த இன்னொரு மாணவன் இவன்தான். கல்லூரியிலிருந்து நமக்கு முன்பே அவர்களுக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. பையன் எதையும் மறைக்கவில்லை, பேப்பரில் வந்ததைப் பார்த்து எழுதினேன் என்று பதில் எழுதி, அந்தத் துண்டையும் வெட்டி அனுப்பியிருக்கிறான். அதன்பிறகு கொடைக்கானல் நிருபர் யார் என்று விசாரித்துக்கொண்டு, ஒரு கட்டு முருங்கைக்காயோடு மலையேறி வந்திருக்கிறார்கள். சேனாதிபதி உட்காரவே இல்லை. “அய்யா, பேப்பர்ல போட்டதப் பாத்து எழுதுறது குத்தமாங்க? தெனமும் தக்காளி ரேட்டு பேப்பர்ல வருது, அதப் பாத்துத்தான நாங்க யாவாரமே பண்றோம். இது பொதுவுல கெடக்குறதுன்னு நெனச்சுட்டான்” என்றார். நியாயமான கேள்வி. அதை எழுதியது என் மகள் என்று சொன்னேன். பையன் லீமாவைப் பார்த்து, “எல்லாம் வெளங்கிருச்சு, அந்த ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் எதுக்கு எண்ணுது? நானும் எங்க சாரும் மூணு நாளு மண்டையப் பிச்சுக்கிட்டோம், எடுத்தா தப்பாயிருமோன்னு அப்டியே எழுதிட்டேன்” என்றான். லீமா, “தெரியாமயே எழுதுனியா? நல்லாருக்கு. குழு நம்மளக் கூப்புடும்ல, அங்க வச்சுச் சொல்றேன்” என்றாள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அந்தப் பையன்மேல் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அவனால் வந்ததல்ல என்பது உனக்குப் புரிந்திருக்கும். அந்தப் பத்திரிகைத் துண்டு இப்போது குழுவின் கையில் இருக்கிறது. அதில் ஜனவரி 5 என்று தேதி இருக்கிறது, நமது நிருபர் என்று இருக்கிறது. போட்டி 23-ம் தேதி. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்று, அந்தப் பெண்ணும் பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அல்லது, அப்பா எழுதிக் கொடுத்ததை மகள் கொண்டுவந்திருக்கிறாள். நான் எழுதவில்லை என்று நானே சொல்வது சாட்சியாகாது. இதுபோல வரும் வாக்குமூலத்தை நானே செய்தியில் சேர்க்க மாட்டேன். டீச்சர் சாட்சி சொல்லத் தயார், ஆனால் அவரும் அந்தப் பள்ளிக்காரர். குழு இதைச் சொந்த வேலை இல்லை என்று முடிவு செய்தால் லீமா மே மாதப் பயிற்சி முகாமுக்குப் போக முடியாது. மாவட்டத்துக்கு மூன்று பேர்தான். அதோடு பள்ளிக்கும் மூன்று வருடம் தடை, அவளோடு படித்த நான்கு பேரும் எழுத முடியாது. அவளுக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது என்று டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

டீச்சர் சொல்லி என்றேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லீமா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். அன்று ஒன்று சொன்னாள். “காய்கறி ரேட்டுக்கும் தேதி போடுறீங்க, மழைக்கும் தேதி போடுறீங்க, ஊர்ல செத்தவுக பேருக்கெல்லாம் இனிஷியல் கேட்டு எழுதுறீங்க. என் பேர மட்டும்தான்ப்பா விட்டுட்டீங்க.” அதில் திருத்த எனக்கு எதுவும் இல்லை.

உன்னிடம் போன அந்த ஏரோகிராம்தான் இனி மிச்சம். கவரில் வைத்து அனுப்பியிருந்தால் கடிதம் வேறு, முத்திரை வேறு என்று சொல்லலாம். ஏரோகிராமில் எழுத்து இருக்கும் தாளிலேயேதான் கொடைக்கானல் தபால் நிலைய முத்திரையும் நவம்பர் தேதியும் இருக்கும். ஜனவரிக்கு ஏழு வாரம் முந்தியது, அவள் கையெழுத்து, மூன்றாம் மனிதர் போட்ட தேதி. உன் அறையில் இருக்கும் நண்பர் இந்தியத் தபால்தலைகளை வெட்டி எடுத்துச் சேர்க்கிறார் என்று ஒரு முறை எழுதியிருந்தாய். இதில் தபால்தலை தாளிலேயே அச்சானது, அதை வெட்டியிருந்தால் முத்திரையும் பின்பக்கத்தில் இருக்கும் வரிகளும் சேர்ந்து போயிருக்கும். அப்படி ஆகியிருந்தால் நீ ஒட்டவோ சரிசெய்யவோ வேண்டாம். வெட்டிய துண்டை அவரிடம் வாங்கி, இரண்டையும் இருக்கிறபடியே அனுப்பு. தொலைந்திருந்தால் தொலைந்தது என்று எழுது. இருந்ததாக நீ உறுதி கூறிக் கடிதம் எழுத வேண்டாம், நீ அண்ணன், அது எடுபடாது.

நான் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். கார்பன் படி, செய்திக் கவர், டேட்லைன், நான் மறுத்த திருத்தம், எல்லாவற்றையும் தேதியோடு ஒப்புக்கொண்டு எழுதி, தண்டாயுதபாணியிடமும் ஒரு கையெழுத்து வாங்கி ரிஜிஸ்தரில் அனுப்புகிறேன். அதில் அந்த நாற்பதைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்திருந்தேன். ஏழாயிரம் அடியில் நவம்பர்க் குளிரில் உட்கார்ந்து எழுதியவருக்கே அந்த வரி தேவைப்படும், ஒட்டன்சத்திரத்திலோ மதுரையிலோ இருப்பவருக்கு அதற்கு வேலையே இல்லை, அதுவே யார் எழுதியது என்று சொல்லும் என்று. எனக்கு நல்ல பத்தியாகத்தான் பட்டது. லீமா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பத்தியை அடித்துவிட்டாள். “இது நான் சொல்ல வேண்டியது. நீங்க எழுதுனா இதையும் நமது நிருபர்னு போட்டுருவாங்க” என்றாள். நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான். அம்மா சிரித்துவிட்டாள், நானும் கொஞ்சம். பத்தியை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். கையில் இருக்கும் செய்தியை அனுப்பாமல் வைத்திருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

வேறு விஷயம் அதிகமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மேடேறும்போது மட்டும் நிற்கிறாள். பின்னால் இருக்கும் பேரிக்காய் மரத்தில் ஒரு கிளை உறைபனியில் கருகிவிட்டது. அடுத்த புதன் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது, நீ அங்கே கோயிலுக்குப் போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்டுவிட்டேன். உள்ளங்காலில் பனி ஏறாமல் பார்த்துக்கொள். லீமா மாலையில் கருவியை மேலே எடுத்துவைத்துவிட்டு வெறும் தாளில் அந்த இருபத்திரண்டு வரியை எழுதிப் பார்க்கிறாள். குழு கேட்டால் அவர்கள் முன்னாலேயே எழுதிக் காட்டப் போகிறாளாம். ஏரோகிராம் வராவிட்டாலும் போவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் துணையிருக்கட்டும். மாதா உன்னைக் கைவிடமாட்டாள். கடிதம் கிடைத்த அன்றே “இருக்கிறது” அல்லது “இல்லை” என்று ஒரு சொல்லில் தந்தி கொடு. ஏரோகிராமை ரிஜிஸ்தர் விமானத் தபாலில் அனுப்பு. இந்தக் கடிதம் உனக்கு 24-ம் தேதிவாக்கில் சேரும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். உன் தபால் மார்ச் 10-க்குள் வந்தால் நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குக் கார்பன் வைக்கவில்லை.

உன் அன்புள்ள அப்பா,
ச. அருளப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் லீமாவிடம் படிக்கக் கொடுத்தேன். புரோகிராம் இருபத்திரண்டு வரி இல்லை, நாற்பது வரை எண்ணும் வரியையும் சேர்த்து இருபத்து மூன்று என்றாள். எண்ணிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. குழு கூடுவது மார்ச் 19 காலை பத்தரை மணிக்கு. முடிவு 26-ம் தேதிக்குள் தபாலில் வரும் என்று செயலாளர் எழுதியிருக்கிறார்.