தளும்ப ஊற்றிய தேநீர்

கோகந்த்
ஜூலை 3, 1986

மருமகள் ஹுல்கருக்கு,

இங்கே நலம். உங்கள் வீட்டிலிருந்து நான் சொல்லாமல் கிளம்பிவிட்டதாக என் மகன் பஹ்ரோம் தந்தி அடித்திருக்கிறான். போகச் சொன்னவள் நீ. அவன் அலுவலக நண்பர்கள் நான்கு பேர் பார்க்க, என் கோப்பையைத் தளும்பத் தளும்ப ஊற்றினாய். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அரைக் கோப்பை ஊற்றினால் ‘இன்னும் இருங்கள்’; விளிம்புவரை ஊற்றினால் ‘குடித்துவிட்டு எழுந்திருங்கள்.’ சமர்கந்தில் வளர்ந்தவளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டாம். எழுந்துவிட்டேன்.

ஆப்ரிகாட் உலர்த்தியது அனுப்பியிருக்கிறேன். நீயும் எடுத்துக்கொள்.

முகர்ரம்

*

தாஷ்கண்ட்
ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். வழக்கம் தெரியாமல் ஊற்றவில்லை. அந்த நேரத்தில் வழக்கமே நினைவில் இல்லை. முந்தின நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தீர்களே, உங்கள் நாக்கு ஓட்டுச்சில் மாதிரி காய்ந்திருந்தது. “இந்த வெயில்ல தண்ணியே குடிக்காம இருந்தா சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்? ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் உள்ள போகணும்மா, நீதான் பாத்துக்கணும்” என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். அன்று உங்கள் கோப்பை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. சுற்றி இருந்தவர்கள் படவில்லை.

கோபம் அப்படியே இருக்கட்டும். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ஹுல்கர்

*

கோகந்த்
ஜூலை 16

ஹுல்கர்,

முலாம்பழம் தின்கிறேன். அதில் இருப்பது தண்ணீர் இல்லாமல் வேறென்ன? பக்கத்து வீட்டு சனோபர் வேறு தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ஆட்டுக்கே நாலு வாட்டி தண்ணி காட்டுறோம். நீங்க என்ன ஒட்டகமா மதினி?” என்கிறாள்.

நேற்று மறுபடி தலை சுற்றியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

உங்கள் வீட்டுக் கழிவறை, விருந்தாளிகள் உட்காரும் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. என் மகனோடு வேலை செய்பவர்கள் முன்னால் நான் எத்தனை தடவை எழுந்து போவேன்? குடித்தால்தானே போகவேண்டும். இங்கேயோ அது தோட்டத்தின் கோடியில். முழங்கால் மடங்குவதில்லை, படியில் இரண்டு தடவை தடுமாறினேன். கையைப் பிடி என்று சனோபரிடம் கேட்டால் தெரு முழுவதும் சிரிக்கும். அதற்கு நாக்கு வறண்டே கிடக்கலாம்.

முகர்ரம்

*

தாஷ்கண்ட்
ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

கிழித்துவிட்டேன். உங்கள் மகனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று அழுதேன். இனி விருந்தாளிகளைப் பால்கனியில் உட்கார வைப்பேன். “அங்கதான் காத்து வருது” என்றால் ஆண்கள் நம்பிவிடுவார்கள்.

ஆனால் அங்கே நான் இல்லையே. விடுப்பு ஆகஸ்டில்தான் கிடைக்கும். சில்லா என்னும் இந்த நாற்பது நாள் கடும் வெயில் அதுவரை காத்திருக்காது. எனக்காக, ஒரே ஒரு தடவை சனோபர் அக்காவிடம் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் மறுபடி விழுந்தால் நான் தாங்கமாட்டேன்.

உங்கள் ஹுல்கர்

*

கோகந்த்
ஜூலை 28

என் கண்ணே ஹுல்கர்,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் வேலிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் வேலி ஓரம் போய், “சனோபர், கொஞ்சம் கையைக் கொடு” என்றேன். எதற்கு என்றாள். சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. வேலியைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கா மதினி இப்பிடிக் காஞ்சு கெடந்தீங்க? நான் மட்டும் என்ன? மருமக முன்னாடி எந்திரிச்சு எந்திரிச்சுப் போக வெக்கப்பட்டு, மத்தியானத்துக்கு மேல சொட்டுத் தண்ணி தொடுறதில்ல” என்றாள். எனக்கு ஒட்டகப் பெயர் வைத்தவள்.

இப்போது கைகோத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து போகிறோம். ஒரு கெண்டிப் பச்சைத் தேநீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, மாலையில் இன்னொன்று. டாக்டர் சொன்ன அளவுக்கு இன்னும் இரண்டு கோப்பை குறைகிறது, அவசரப்படுத்தாதே. தலை சுற்றவில்லை.

திராட்சை பறித்து முடித்ததும் அங்கே வருகிறேன். பஹ்ரோமிடம் நீயே சொல்லிவிடு. நமக்குள் எப்படிச் சமாதானம் ஆயிற்று என்று துருவுவான். பெண்கள் விஷயம் என்று சொல். அதற்குமேல் கேட்கமாட்டான்.

உன் அம்மா
முகர்ரம்