பழைய ரயில் பாதையில் முதல் சைக்கிள்

கம்பளை, 1931 பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று அந்தப் பழைய ரயில் பாதையில் சைக்கிளிலேயே ஆற்றைக் கடந்துவிட்டேன். படுத்தாலும் தூக்கம் வரப்போவதில்லை.

கல் உடைக்கும் இடத்துக்காகப் போட்ட பாதை அது. வேலை முடிந்ததும் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காடு மண்டியது. ஆற்றுப் பாலத்தில் இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியது. போன மழைக்காலத்தில் தச்சர் ஹமீது நானாவின் மனைவிக்கு வலி எடுத்தபோது, மருத்துவிச்சியான நான் ரோட்டைச் சுற்றிக்கொண்டு அக்கரை போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கத்தியோடு போய்ப் புதர் வெட்டத் தொடங்கினார். பிறகு அக்கரை ஆட்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

இன்று காலை ஹமீது நானா பாலத்துக்குக் கடைசிப் பலகையையும் அடித்து முடித்திருந்தார். அந்நேரம் பார்த்து, அக்கரையில் நிறைமாதமாக இருந்த லெட்சுமியின் புருஷன் என்னைத் தேடி ஓடி வந்தான்.

"சீக்கிரம் வாங்கம்மா, தண்ணிக்குடம் ஒடஞ்சிருச்சு!"

பாலத்து முனையில் சைக்கிளில் இருந்தபடியே தயங்கினேன். ஹமீது நானா விலகி வழிவிட்டார். "எறங்க வாணாம் மிஸ்ஸி, ஏறியே போங்க. பலகை தாங்கும்."

கீழே பார்க்காமல் மிதித்தேன்.

பெண் குழந்தை. கால்தான் முதலில் வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்… வேண்டாம், எழுத மாட்டேன். அது போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

திரும்பும்போது ஹமீது நானாவிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பாலத்து ஓரத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"ரெண்டு பக்கமும் கைப்பிடி போடணும் மிஸ்ஸி. புள்ளைகள் நடக்கிற பாதை."